தலைவி மட்டும் உள்ளே வாங்க

என் பெயர் ஜெனிதா. மரகதம் இல்லை. இதைக் கந்தப்பளைக் கடைத்தெருவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மீன்காரர் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னாங்க தலைவி, சம்பளப் பேச்சு என்னாச்சு?" என்று கேட்கிறார். நுவரெலியா பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் தோளைத் தட்டி, "அந்தக் குடிகாரப் புருசன வீட்ட விட்டு வெரட்டுங்க, இன்னும் என்னாத்துக்கு வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று புத்தி சொல்கிறாள். எனக்குப் புருசனே கிடையாது. அந்தக் குடிகாரனாக நடிக்கிற சுமன் பால் தேத்தண்ணியைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவன், பாவம்.

'எட்டாம் நம்பர் லயம்' என்று ஒரு வெப் சீரிஸ் செய்கிறேன். லயம் என்றால் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். யூடியூப்பில் வருகிறது. எழுதுவது நான், இயக்குவது நான், நடிப்பது நான், உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதும் நான். படம் பிடிப்பது என் தம்பி சுஜீவன், அவனுடைய போனில். அவன் பகலில் ஆட்டோ ஓட்டுகிறான். மற்ற நடிகர்கள் எல்லாரும் மலையில் வேலை செய்கிறவர்கள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர்கள் வந்து முகம் கழுவி நிற்பதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும். மீதிப் பாதியைப் பனிமூட்டம் விழுங்கும். அதனால் நாங்கள் ஒரு வசனத்துக்கு ஒரு ஷாட் என்றுதான் எடுப்போம். ஒரு வரி பேசுவேன், மூட்டம் வரும், நிற்போம். மூட்டம் விலகும், அடுத்த வரி. இந்த லட்சணத்தில் ஒரே மூச்சில் இரண்டு வரி சேர்த்து நான் பேசியதே கிடையாது. வெட்டி ஒட்டிய பிறகு பார்த்தால் மடமடவென்று பேசுகிற மாதிரி இருக்கும். சனம் அதைப் பார்த்துவிட்டு, என்ன ஞாபக சக்தி என்று வியக்கும். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

மரகதம் எங்கள் கதையில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, பச்சைச் சீலை, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை. சீலை மர்சூக் நானாவின் துணிக்கடை உபயம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருவர் அவருடைய கடைப் பையோடு நடந்து போகவேண்டும். ஒருமுறை சாவு வீட்டுக் காட்சியில்கூடப் பையோடு ஒருத்தியை நடக்கவிட்டேன். "பேக்குல பேரு தெளிவா விழல புள்ள" என்று அதற்கும் குறை சொன்னார். பொட்டைப் பார்த்தால் என் அம்மாவுக்கு ஆகாது. "மாதா கோயிலுக்குப் போற நெத்தியில இத்தாம்பெரிய பொட்டா?" என்பார். ஆனால் புதுப் பாகம் வந்தால் முதல் ஆளாகப் பார்ப்பதும் அவர்தான்.

பன்னிரண்டாவது பாகம்தான் கடைசி. எடுத்து, வெட்டி, பாட்டுப் போட்டு, தயாராக வைத்திருந்தேன். அதில் மரகதம் லயத்துச் சனங்களுக்கு வீடு கட்டக் காணி கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போகிறாள். "தலைவி மட்டும் உள்ளே வாங்க" என்கிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். சனம் வெளியே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "பேசியாச்சு, பாப்போம்" என்கிறாள். அடுத்த காட்சியில் அவளுடைய மகன் ஸ்டோர் ஆபீசில் கிளாக்கராக உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. மரகதம் சனத்தை விற்றுவிட்டாள்.

அது நான் எழுதியதிலேயே நல்ல பாகம் என்று இப்போதும் சொல்வேன். ஒருவரும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்று எனக்குள்ளே ஒரு குஷி. அந்த ஞாயிற்றுக்கிழமை போடுவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு போன் வந்தது.

"மரகதம் அக்காங்களா பேசுறது?"

"இல்ல. ஜெனிதா" என்றேன், வெடுக்கென்று.

"சரிங்க, ஜெனிதா அக்கா. நான் வினோதா. பொகவந்தலாவையில பூனக்கல்லு தோட்டம், மேக்கணக்குப் பிரிவு. கொழுந்து எடுக்கிறேன். எங்க பீலியில தண்ணி வரலங்க. நீங்க ஒருக்கா வந்து எங்க தொரகிட்டப் பேசணும்."

தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். பீலி இல்லாத லயம் இல்லை. மலை ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, குழாய் வழியாக லயத்து முற்றத்தில் கொண்டுவந்து விழவைப்பது. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அது நின்றுபோனால் ஒரு லயத்தின் உயிரே நின்றுபோன மாதிரி.

"நான் நடிக்கிறவங்க. தலைவி இல்ல" என்றேன்.

"தெரியுங்க."

"எனக்கு எந்த யூனியனும் கெடையாது. ஒங்க தோட்டத்துல தலைவர் இல்லையா?"

"இருக்காருங்க. எங்களுக்காக எத்தனையோ வாட்டி போயிட்டாரு. 'தலைவர் மட்டும் உள்ள வாங்க'ம்பாங்க. கதவ சாத்துவாங்க. நாங்க சைப்ரஸ் மரத்தடியில நிப்போம். வெளிய வந்து 'பேசியாச்சு, பாப்போம்'ம்பாரு. அத்தோட சரி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வசனம்! இன்னும் வெளியே விடாத வசனம்! எவனாவது என் லெப்டாப்பிலிருந்து திருடிவிட்டானோ என்றுகூட ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தலைவர்தான் உள்ளே போவார், சனம் வெளியேதான் நிற்கும். வெளியே வருகிறவர் சொல்வதற்கு வேறு வசனம் ஏது? நான் என்னமோ சொந்தமாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் வினோதா ஒரு வீடியோ அனுப்பினாள். வேலைவிட்டு வந்த பெண்கள், கால்களில் சேறோடு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேனைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு, ஆற்றுப் பள்ளத்திலிருந்து செங்குத்தான பாதையில் ஏறி வருகிறார்கள். மழை வேறு கொட்டுகிறது. தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் விழுகிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை. கடைசியில் கேமரா திரும்புகிறது. எதிர்மலையில் பழைய டொக்டர் பங்களா. அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். புல்வெளியில் ஒரு குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது, மழையிலேயே.

பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாரேன்" என்று எழுதி அனுப்பினேன். ஆத்திரம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். ஒரு தோட்டமே என்னைக் கூப்பிடுகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

உடனே அடுத்த செய்தி வந்தது. "அக்கா, அந்தப் பச்ச சீலையில வாங்க. பொட்டும் வச்சிக்கிட்டு."

பார்த்தீர்களா! நான் எவ்வளவு சொன்னாலும் இவர்களுக்கு நான் மரகதம்தான். எரிச்சலோடு சீலையை மடித்துப் பையில் வைத்தேன். மர்சூக் நானாவின் பைதான்.

சுஜீவன் வேறொரு விசயம் சொன்னான். "அக்கா, ஞாயித்துக்கெழம கடைசிப் பாகத்தப் போட்டா என்னா நடக்கும்னு யோசிச்சியா? இன்னக்கி இவங்க ஒன்ன நம்பிக் கூப்பிடுறாங்க. நாளான்னைக்கி மரகதம் வித்துட்டான்னு பாப்பாங்க. அந்தப் பீலியிலயே நம்ம ரெண்டு பேரையும் தலகீழா கட்டித் தொங்க விட்டுருவாங்க."

"போடாத. நான் சொல்றப்போ போட்டா போதும்" என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே புறப்பட்டோம். ஹட்டனில் இறங்கி பஸ் மாறி, அந்த வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து, ஒருவழியாகப் பொகவந்தலாவைக் கடைவீதியில் இறங்கினோம். வினோதா காத்துக்கொண்டு நின்றாள். என் வயசுதான் இருக்கும், மெலிந்த ஆள், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "படத்துல கொஞ்சம் ஒசரமா தெரியுறீங்க" என்றாள். சுஜீவன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

அவளுடைய காம்பராவில் சீலை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். லயத்தின் கடைசி வீடு. வாசலில் ஒரு நீலப் பீப்பாய், மேலே மூடி, பக்கத்தில் ஒரு கோப்பை. பஸ் புழுதியெல்லாம் முகத்தில் அப்பியிருந்தது எனக்கு. வீட்டில் செய்கிற பழக்கம்தான், மூடியைத் திறந்து கோப்பை நிறைய மொண்டு முகத்தில் அடித்தேன். இன்னொரு கோப்பை மொண்டு கால்களில் ஊற்றினேன். நிமிர்ந்தால், வாசலில் கூடியிருந்த பெண்கள் எல்லாரும் என் காலடியில் மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோதா மெதுவாக வந்து பீப்பாயை மூடினாள். "பரவாயில்லங்க, விடியக்காலையில எடுத்த தண்ணி. சாயங்காலம் எறங்கி எடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் தண்ணீரை ஒருத்தி எவ்வளவு தூரம் சுமந்து ஏறியிருப்பாள் என்று போனில் பார்த்துவிட்டுத்தானே வந்தேன்? பார்த்தது வேறு, காலில் ஊற்றியது வேறு. அதற்குப் பிறகு அவர்கள் கொடுத்த தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். இன்றைக்கு எப்படியாவது இந்தத் தண்ணீரை வாங்கிக் கொடுக்காமல் போகக்கூடாது என்று அப்போதுதான் உண்மையாகவே நினைத்தேன்.

ஆபீசுக்கு நடந்தோம். சனிக்கிழமை அரைநாள் வேலை, அதனால் மேற்கணக்குப் பெண்கள் அநேகமாக எல்லாருமே வந்திருந்தார்கள். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள். நடக்க நடக்க என் இடுப்பு தானாகவே மரகதத்தின் இடுப்பாக மாறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். போகிற வழியில் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆறாம் பாகத்தில் மரகதம் தண்ணீரைப் பற்றி ஒரு போடு போடுவாள். அதையே எடுத்துவிட்டால் போச்சு.

ஆபீஸ் ஒரு பழைய கல் கட்டடம். முன்னால் நாலைந்து படி, ஒரு விறாந்தை, அதற்கப்பால் பச்சை வர்ணம் அடித்த கதவு. முற்றத்தில் வினோதா சொன்ன சைப்ரஸ் மரம். அதன் அடியில் புல்லே முளைக்காமல் மண் தேய்ந்து கிடந்தது. நின்று நின்று தேய்ந்த இடம்.

ஆபீஸ் பியோன் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, மரகதம்!" என்று உள்ளே ஓடினார். திரும்பி வந்து கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். "தொர கூப்பிடுறாரு. தலைவி மட்டும் உள்ள வாங்க. மத்த ஆளுங்க மரத்தடியில நில்லுங்க."

உள்ளே மின்சார ஹீட்டரின் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மேசை, நாற்காலி, ஒரு தட்டில் பிஸ்கட். எனக்கோ குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. படியில் காலை வைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குப் போகத்தான் ஆசை. ஒரு தொரை என்னை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லப்போகிறார். என் அப்பா ஆயுசு முழுக்க அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். செருகியிருந்தது அவிழ்ந்தது. திரும்பினேன். வினோதா.

"அக்கா இங்கனயே நிப்பாங்க" என்றாள் பியோனிடம். "தொர வெளிய வரட்டும்."

"அதெப்படி? வழமையா தலைவருதான உள்ள..."

"வழமையா தலைவரு. இவங்க நடிக்கிறவங்க. வெளியதான் நடிப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னைக் கூப்பிட்டுவிட்டு இப்படியா அவமானப்படுத்துவது? ஆனால் முந்தானை அவள் கையில் இருந்ததே! அதை விட்டுவிட்டு நான் எங்கே போவது? ஒரு படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றேன். பெண்கள் மரத்தடியை விட்டு நகர்ந்து, என்னைச் சுற்றிப் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

பியோன் இரண்டு தடவை உள்ளே போய் வந்தார். கடைசியில் தொரையே வெளியே வந்தார். சிங்களவர், நாற்பது வயசுக்குள் இருக்கும், நல்ல கம்பளிச் சட்டை. தோட்டத் தமிழ் பேசுவார்.

"ஆ, மரகதம்! எங்க வீட்டுல நோனா பார்க்கிறது. நல்லா செய்யிறது" என்றார். நோனா என்றது அவருடைய மனைவியை. சொல்லிக்கொண்டே சுஜீவனின் கைகளைப் பார்த்தார். "வீடியோ எடுக்கிறதா?"

"இல்லங்க சார்" என்றான் சுஜீவன். உண்மைதான். அவனுடைய போனில் சார்ஜ் இல்லை. தொரை நம்பவில்லை. தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மரகதத்தின் குரலில் ஆரம்பித்தேன்.

"தொர, கொழுந்துக்குத் தண்ணி வானத்துலருந்து வருது..."

அத்தோடு நின்றுவிட்டது. அடுத்த வரி வரவில்லை. என்ன செய்ய? அந்த இடத்தில்தான் அன்றைக்கு மூட்டம் வந்து 'கட்' சொன்னோம். அடுத்த வரியை எடுத்தது மறுநாள். நான் என்னையறியாமல் சுஜீவனைத் திரும்பிப் பார்த்தேன், அவன் 'கட்' சொல்லுவான் என்று. அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், துரோகி. ஒரு லயமே தண்ணீருக்காக நிற்கிறது, நான் விறைத்துப்போய் நிற்கிறேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"...அதப் பறிக்கிறவளுக்கு எங்கேருந்து வருது?"

பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொரு குரல், அடுத்த வரியை.

"நாங்க பறிச்ச கொழுந்துலதான் ஒங்க தேத்தண்ணி, எங்க வீட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணி இல்ல!"

அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து. ஆறாம் பாகத்தை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் பிசகாமல், நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, நான் கையை நீட்டிய இடத்தில் கையை நீட்டி. எத்தனை தரம் பார்த்திருப்பார்களோ! என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் எழுதியதுதான். ஆனால் நான் பேசியபோது அது இவ்வளவு நன்றாக இல்லை. சத்தியமாக இல்லை.

வசனம் முடிந்ததும் வினோதா என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையை இன்னும் விடவில்லை.

"கதையில இதுவரைக்கும்தாங்க" என்றாள் தொரையிடம். "இனி நாங்க சொல்றது. டேங்குக்கு மேல ஒரு வால்வு இருக்கு. அதத் திருப்பி டொக்டர் பங்களாவுக்கு விட்டுருக்கீங்க. பங்களாவுக்குப் புதுசா ஒரு குழாய் போட்டுக்கங்க, வேணாம்னு நாங்க சொல்லல. எங்க குழாய எங்களுக்குத் தாங்க."

"அது கம்பெனி முடிவு" என்றார் தொரை. "உள்ள வாங்க மரகதம், டீ குடிச்சு பேசுவோம்."

"இங்கனயே பேசுங்க சார். எல்லாருக்கும் காது இருக்கு."

தொரை கூட்டத்தைப் பார்த்தார். சுஜீவனின் சட்டைப் பையைப் பார்த்தார். செத்துப்போன அந்தப் போனின் மூலை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டுக் கண்டாக்கைக் கூப்பிட்டார். வெளி வேலை எல்லாம் பார்க்கிற உத்தியோகத்தர் அவர். தொரை சிங்களத்தில் நாலு வார்த்தை சொன்னார். கண்டாக்கு தலையாட்டினார். வினோதா அந்த நாலு வார்த்தையையும் உடனே தமிழில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "திங்கக்கெழம காலையில பெரட்டுக் கலைஞ்சு ஆளுங்க வேலைக்குப் பிரிஞ்சதும் வால்வ திருப்பச் சொல்றாரு. சரிதானங்க சார்?" தொரைக்கு வேறு வழியில்லை. "சரிதான்" என்றார். "இன்னொருக்கா சொல்லுங்க, பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு முறை சொன்னார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி நடந்தோம். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ பேசினார்கள். ஒருத்தி, மரகதத்தின் மகனுக்குப் பெண் பார்த்தாச்சா என்று கேட்டாள். அந்த மகன்தான் கிளாக்கராகப் போகிறவன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் போடவில்லை. 'ஏன் வரவில்லை', 'தலைவிக்கு என்ன ஆச்சு' என்று கமெண்டுகள் குவிந்தன. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசிக் காட்சியை மாற்றினால் என்ன என்று இரவெல்லாம் யோசித்தேன். மகனுக்குக் கிடைத்த வேலையை வெட்டிவிடலாம். மரகதம் வெளியே வந்து, "காணி கெடச்சிருச்சு" என்று சொல்கிற மாதிரி ஒரு ஷாட், ஒரே ஒரு ஷாட் எடுத்தால் போதும். பூனைக்கல்லுச் சனங்களுக்குச் சந்தோசம். எனக்கும் நல்ல பெயர். சுஜீவனிடம் சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்றான். அவன் அப்படிச் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மத்தியானம்போல வினோதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. திறந்தால் பேச்சே இல்லை. சளசளவென்று தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் பின்னால் யாரோ கூவுகிறார்கள், யாரோ யார்மேலோ தண்ணீர் அடிக்கிறார்கள், ஒரே சிரிப்பு. என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "எங்கடி பைப்பு ஒடஞ்சிருச்சு?" என்று கேட்டார். நான் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. போனை எடுத்து வினோதாவைக் கூப்பிட்டேன்.

"வினோதா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. கடைசிப் பாகம் எடுத்து வச்சாச்சு. அதுல மரகதம் நல்லவ இல்ல. ஆபீசுக்குள்ள போயி ஒங்கள மாதிரிச் சனத்த வித்துட்டு வாரா."

தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் சிரித்தாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு.

"ஐயோ அக்கா, அது எங்களுக்கு எப்பவோ தெரியும். ஒம்பதாம் பாகத்துல தொர அவள மட்டும் உள்ள கூப்பிட்டு பிஸ்கட் குடுப்பாரே. அவ வேணாம்னு சொல்லிட்டு அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பா. நல்லா நடிச்சிருந்தீங்க. அப்பவே நாங்க லயத்துல பேசிக்கிட்டோம், இவ போயிருவான்னு."

ஆபீசின் பச்சைக் கதவும், சிவந்த ஹீட்டரும், தட்டும், படியில் வைத்த என் காலும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அன்றைக்கு உள்ளே போயிருந்தால் நான் என்ன சொல்லிக்கொண்டு வெளியே வந்திருப்பேன்?

"பொறகு என்னாத்துக்கு என்னையக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

"நாங்க போனா கண்டாக்குதான் வெளிய வருவாரு. பச்ச சீலையில நீங்க வந்து நின்னா, படம் புடிக்க வந்துருக்காங்கன்னு தொரையே வருவாரு. அது போதும் எங்களுக்கு. பேச எங்களுக்குத் தெரியும்."

"அதுக்குத்தான் முந்தானையப் புடிச்சிக்கிட்டு நின்னியா? என்னைய நீ நம்பவே இல்லையா?"

"என்னாக்கா இப்புடிக் கேக்குறீங்க?" என்றாள் வினோதா. இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஒங்கள நம்பித்தான் அவ்வளவு தூரம் கூப்பிட்டோம். அந்தக் கதவத்தான் நம்பல."

போனை வைத்தேன். பிறகு சுஜீவனைக் கூப்பிட்டு, ஒரு ஷாட்டையும் மாற்றவேண்டாம், கடைசிப் பாகத்தை அப்படியே போடு என்றேன்.